இருளப்பன் திறந்த கேட்

மெர்கோங்கில் நான் வைத்திருக்கும் டைப்பிங் கடைக்கு மனு எழுத வருகிறவர்கள், "நல்லா கெஞ்சி எழுதுங்க தேவகி" என்பார்கள். இருளப்பன் அண்ணன் அந்த ரகம் இல்லை. பக்கத்துக் கையுறைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக கேட் காவல். அன்று, விளக்கம் கேட்டுக் கம்பெனி கொடுத்த ஓர் ஆங்கிலக் கடிதத்தை என் மேசைமேல் போட்டார்.

"இதுல 'ஃபிளேக்ரன்ட்'னு என்னைத் திட்டியிருக்கான். அப்படின்னா என்னம்மா?"

"ஒளிக்காம, எல்லாரும் பார்க்கவே, கொஞ்சமும் கூச்சமில்லாம செய்யிற தப்புண்ணே. சின்னக் கவனக்குறைவுக்கெல்லாம் இதைப் போட மாட்டாங்க. வேலையை விட்டுத் தூக்கணும்னாதான் போடுவாங்க."

"எல்லாரும் பார்க்கத்தான் செஞ்சேன். கூச்சமும் இல்ல. தப்பு மட்டும் எங்கருந்து வந்துச்சு?"

நடந்தது இதுதான். பேக்கிங் பிரிவு பாப்பம்மா வேலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மேனேஜர் கையெழுத்துப் போட்ட பாஸ் இல்லாமல் எந்த வண்டியும் வெளியே போகக் கூடாது. மேனேஜரோ போனை எடுக்கவில்லை. அண்ணன் கேட்டைத் திறந்து, கம்பெனி வேனிலேயே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பாப்பம்மா பிழைத்துக்கொண்டார். அண்ணன் அதோடு விட்டாரா? கேட் புத்தகத்தில், 'பாஸ் இல்லை, நானே திறந்தேன்' என்று நேரத்தோடு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அட மனுஷா! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் இந்த வேலையும் போனால் இவரை யார் எடுப்பார்கள்?

"தெரியாம செஞ்சிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு எழுதிடலாம்ணே."

"தெரிஞ்சுதானே செஞ்சேன்? பதினெட்டு வருசமா அந்தப் புக்குல பொய் எழுதுனதில்ல லா. உன் கம்ப்யூட்டர்ல எழுதுவேனா?"

விசாரணைக்குத் துணையாக நானும் போனேன். பயமெல்லாம் எனக்குத்தான். அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பணியாளர் பிரிவு அதிகாரி வசந்தன் கேட் புத்தகத்தைத் தட்டினார்.

"நீங்களே எழுதியிருக்கீங்க. வேற சாட்சியே வேணாம். இன்னிக்கே டெர்மினேஷன் லெட்டர் கொடுத்திடுவோம்."

"குடுங்க சார். காரணத்தை மட்டும் முழுசாப் போட்டுக் குடுங்க. நெஞ்சு வலியில கிடந்த பொம்பளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்புனதுக்காக நீக்குறோம்னு. கீழ உங்க பேரு, கையெழுத்து."

வசந்தன் பேனாவை எடுத்தார். ஒரு வரி எழுதினார், அடித்தார். மறுபடி எழுதினார். கடைசியில் அந்தத் தாளைக் கசக்கித் தன் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"ஷிஃப்ட்டுக்குப் போங்கண்ணே," என்றார், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.