பனிக்கட்டியில் வந்த ரத்தம்

ஹார்மோன் பரிசோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணிபுரியும் அந்த அம்மையாரைக் 'கறார் அக்கா' என்றே மருத்துவமனை முழுவதும் அழைக்கும். முறை தவறி எடுத்த ரத்தத்தை அவர் ஏற்பதில்லை. அனுப்பியவர் யாராக இருந்தாலும் சரி.

அன்று வந்தது ஒரு பேருந்து ஓட்டுநரின் ரத்தம். நான்கு மாத்திரை விழுங்கியும் அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கவில்லை. சிறுநீரில் புரதம் ஒழுகத் தொடங்கியிருந்தது. காரணம் பிடிபடாவிட்டால் சில ஆண்டுகளில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிடும். உடலில் உப்பைப் பிடித்துவைத்து அழுத்தத்தை ஏற்றும் ஆல்டோஸ்டிரோன், அதைச் சுரக்கத் தூண்டுவதற்குச் சிறுநீரகம் அனுப்பும் ரெனின், இவ்விரண்டையும் அளக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர்.

குழாயைத் தொட்டதும் அக்காவின் புருவம் நெரிந்தது. சில்லிட்டிருந்தது. உடனே வார்டுக்குத் தொலைபேசியில் பேசினார்.

"ஏம்மா, இதை ஐஸ்லயா வச்சிருந்த?"

"ஆமாக்கா, ரெண்டு மணி நேரம் பத்திரமா வச்சிருந்தேன். மத்த ஹார்மோனுக்கு அப்படித்தானே செய்வோம்?" என்றாள் செவிலி.

"இதுக்கு அது ஆகாது. குளிர் பட்டா, ரத்தத்துல சும்மா கிடக்கிற ரெனினும் முழிச்சுக்கும். கம்மியா இருக்கிறது நிறைய இருக்கிற மாதிரி காட்டும். நாளைக்குக் காலையில மறுபடி எடு."

கால் மணி நேரத்தில் மருத்துவரே வந்து நின்றார். "அவரை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பணும்க்கா. இருக்கிறதை வச்சு ஒரு நம்பர் குடுங்க."

"நம்பருக்கா பஞ்சம்? ரெனின் நார்மல்னு வந்து நிக்கும். நீங்களும் சாதாரண பிரஷர்தான்னு அஞ்சாவது மாத்திரை எழுதுவீங்க. நாளைக்கு அந்த மனுஷன் டயாலிசிஸ்ல படுத்தா யாரு பதில் சொல்றது?"

"உங்ககிட்ட பேசணும்னா ஒரு வக்கீலைத்தான் கூட்டிட்டு வரணும்."

"கூட்டிட்டு வாங்க டாக்டர், அவருக்கும் பிரஷர் பாத்து அனுப்பலாம்."

மருத்துவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

மறுநாள் காலை ஓட்டுநரை இரண்டு மணி நேரம் நடமாடவிட்டு, கால் மணி நேரம் உட்காரவைத்து எடுத்த ரத்தத்தை அக்காவே நேரில் போய் வாங்கிவந்தார். ரெனின் அடிமட்டத்தில் கிடந்தது. ஆல்டோஸ்டிரோனோ உச்சத்தில் நின்றது. சிறுநீரகம் கேட்காமலேயே, அதன் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி தன் போக்கில் சுரந்து தள்ளியிருக்கிறது. அடுத்தடுத்த சோதனைகளில் இடப்புறச் சுரப்பியில் சிறு கட்டி தெரிந்தது. அறுவை சிகிச்சையில் அதை அகற்றினார்கள்.

மூன்று மாதம் கழித்து ஓட்டுநர் பரிசோதனைக்கூடத்தின் சன்னலருகே வந்து நின்றார். "இப்ப ஒரே மாத்திரைதான். எனக்காக டாக்டர்கிட்டயே மல்லுக்கு நின்னீங்களாமே?"

"அதெல்லாம் இல்லீங்க. கட்டி போயிடுச்சேன்னு உப்பை அள்ளிப் போட்டுக்காதீங்க" என்று சொல்லி, அவரது சிறுநீர் அறிக்கையை நீட்டினார் அக்கா.

புரதம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.