கவாத்துக்கு முன் கேட்ட கேள்வி

ஜெபஷீலா அக்கா எந்த நோயாளியிடமும் "ஒண்ணுமில்ல, சரியாப் போயிரும்" என்று சொல்லமாட்டார். காமயகவுண்டன்பட்டியில் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றி, வலிக்கு ஊசி போடும் நர்ஸ் அவர். கட்டப்பனையில் வேலை பார்த்த காலத்தில் குவாக்கர் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவர். எதற்காகவும் பொய் சொல்லக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. அதில் பாதிரியார் கிடையாது, பாட்டும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பத்தில் ஒரு வீட்டில் அவரும் இன்னும் மூன்று பேரும் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து ஒரு சொல் எழுந்தால் மட்டும் சொல்வார்கள்.

"தூங்குறதுக்கு எதுக்குத்தா ஒரு சபை?" என்பார் என் அப்பா கோட்டைச்சாமி.

"நீங்க குறட்டை விடுவீகண்ணே. அதான் ஒங்களச் சேக்கல."

போன தையில் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. மதுரை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கூடிப்போனால் இரண்டு மாதம் என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். ரிப்போர்ட்டை வாசிக்கத் தெரிந்தவளும் நான்தான். வீட்டில் எல்லோரிடமும் குடல் புண் என்று சொன்னேன்.

அப்பாவுக்கு வலி ஊசி போட வந்த அக்காவிடம் மறைக்க முடியவில்லை. "அப்பாகிட்டச் சொல்லிராதீகக்கா" என்றேன்.

"நானா எடுத்துச் சொல்லமாட்டேன். அவுக கேட்டா பொய்யும் சொல்லமாட்டேன். நீயே சொல்லு ஓவியா. நான் பக்கத்துல இருக்கேன்."

"ஒங்க மதத்த எங்க வீட்டுல காட்டாதீக."

அவர் முகம் வாடியது.

மறுவாரமே அப்பா கேட்டுவிட்டார். எங்கள் தோட்டத்துத் திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டினால் பழம் அறுக்க நாலு மாதமாகும். "இப்பக் கவாத்து வெட்டலாமா சிஸ்டர்? அறுப்பப் பாத்துருவேனா?"

அக்கா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "மனசுல என்ன ஓடுதுண்ணே?"

"மயிலாடும்பாறையில தங்கச்சி ராமுத்தாய் இருக்கா. பதினோரு வருசமாப் பேச்சில்ல. அவளப் பாக்கணும். அறுப்பு முடிஞ்சு பழத்தோட போவமா, இப்பவே போவமான்னு..."

அக்கா வாய் திறப்பதற்குள் நான் குறுக்கே புகுந்தேன். "அறுப்புக்கு நீங்கதாம்ப்பா நிப்பீக. பழத்தோடயே போவோம்."

அப்பா அக்காவின் முகத்தைப் பார்த்தார். நான் அக்காவின் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பின்னாலேயே வந்தவரிடம், இனி வரவேண்டாம் என்றேன்.

"வலி கூடுனாக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கூப்பிடவில்லை. வேறு நர்ஸைப் பிடித்தேன்.

அப்பா நிம்மதியாகக் கவாத்துக்கு ஆள் விட்டார். வெட்டி முடித்த முப்பத்தெட்டாம் நாள் இறந்துபோனார்.

"கடைசிவரைக்கும் என்னயக் கூப்பிடலயே அண்ணே" என்று தலைமாட்டில் உட்கார்ந்து ராமுத்தாய் அத்தை அழுதார். அப்பா அவரைப் பார்க்கக் கேட்டதை அவ்வளவு பேர் நடுவில் நான் சொல்லவில்லை. அப்பா நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் பொய் சொன்னேனா, அவர் அழுவதை என்னால் பார்க்க முடியாது என்பதற்காகவா? இன்றும் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். "எல்லாம் என்னாலதானாக்கா?" என்றேன். இல்லை என்பார் என்று எதிர்பார்த்தே போயிருந்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவுகளுக்குச் சாவு வந்தது ஒன்னால இல்ல. தங்கச்சியப் பாக்காமப் போனது ஒன்னாலதான். எம்மேலயும் தப்பு இருக்கு. பொய் சொல்லமாட்டேன்னு மட்டும் சொன்னேன். நீ எம்புட்டுப் பயந்து போயிருக்கன்னு ஒக்காந்து கேக்கல." என் கையை விடாமலே கேட்டார்: "அத்தைகிட்டச் சொல்லிட்டியா?"

மறுநாள் மயிலாடும்பாறைக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தையிடம் வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப எங்கண்ணன் என்னயப் பாக்கணும்னு சொல்லுச்சா?"

"சொன்னாக அத்தை."

"நீதான் வேணாம்ன?"

"ஆமா."

அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். அழும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் போக வேண்டிய ஆண்டிபட்டி பஸ் இரண்டு போன பிறகும் நான் வாசலிலேயே இருந்தேன்.