ஜூஜுவாடியில் நின்ற மாப்பிள்ளை கார்

எங்கள் சின்ன மாமாவோடு வெளியே போய் நேரத்துக்குத் திரும்பி வந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் ஒருத்தரும் கிடையாது. வழியில் ஒரு கார் நின்றால் போதும், அவரும் நின்றுவிடுவார். அதிலும் பழைய காராக இருந்தால் வந்த வேலை, கூட வந்த ஆள், கையில் இருக்கிற சாமான் எல்லாம் அவருக்கு மறந்துபோகும். அவரிடம் சொந்தமாக இருந்தது ஒரு சைக்கிள். அதற்கும் பிரேக் கிடையாது.

மாநில எல்லையில் இருக்கிற ஜூஜுவாடி செக்போஸ்ட் அவருக்குக் கோயில் மாதிரி. எல்லைக்கு இந்தப் பக்கம் அப்போது மதுவிலக்கு. பெங்களூரிலோ கடை திறந்திருந்தது. அதனால் அங்கிருந்து வருகிற ஒவ்வொரு காரையும் செக்போஸ்டில் நிறுத்தி, டிக்கியைத் திறந்து, பானட்டைத் தூக்கி, புட்டி இருக்கிறதா என்று துழாவுவார்கள். காரில் வருகிறவர்களுக்கு அது எரிச்சல். மாமாவுக்கும் அவர் கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் அதுதான் திருவிழா. எந்தத் துரை வண்டியானாலும் அங்கே வயிற்றைத் திறந்து காட்டித்தானே ஆக வேண்டும்! ஒரு கூட்டாளி பஞ்சர் ஒட்டுகிறவர், இன்னொருவர் லாரி கிளீனர். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் வியந்து கன்னடத்தில் சண்டை போடுவார்கள். எந்தப் பழைய காரைப் பார்த்தாலும் கிளீனர் ஒன்றைத்தான் சொல்வார்: "இதுல லாரி இஞ்சினைத் தூக்கி வெச்சா பறக்கும்டா."

இப்படிப்பட்டவரைத்தான் அன்றைக்கு, அக்காவைப் பெண் பார்க்க பெங்களூரிலிருந்து வருகிறவர்களைச் செக்போஸ்டிலிருந்து எங்கள் ஊருக்கு வழிகாட்டிக் கூட்டிவரச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் வேறு ஆம்பிளை இல்லையா என்றால், இல்லை. அப்பாவுக்குக் காலில் கட்டி. அக்காவுக்கு அதற்குள் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அப்புறம் ரெண்டாந்தாரம்தான் என்று அத்தை வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் அவர்கள் வாசலில் கால் வைத்தாக வேண்டும்.

அம்மாவுக்குத் தம்பியைத் தெரியும். அதனால் என்னையும் சைக்கிளில் ஏற்றிவிட்டாள். "அவன் எதையாச்சும் பாத்துக்கிட்டு நின்னான்னா கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வா" என்றாள். எனக்கு எட்டு வயசு. சும்மாவே எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற சுபாவம் எனக்கு. அடுப்பை அணைத்தோமா, கதவைச் சாத்தினோமா என்று இன்றைக்கும் பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். அக்கா கல்யாணத்தை என் கையில் கொடுத்தால் என்ன ஆவேன்?

கார் வந்தது. கெட்ட நேரம், அது பழைய காராக வந்தது. பெரிய பெரிய பித்தளை விளக்கு, மர ஆரக்கால் வைத்த சக்கரம், புதுசாகப் பூசின கரும்பச்சை பெயிண்ட். முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்திருந்தார்கள். மாமா, "வாங்க" என்று வந்தவர்களைப் பார்த்துச் சொல்லவில்லை; காரைப் பார்த்துச் சொன்னார். ஏட்டு பானட்டைத் தூக்கியதும் மாமா, கூட்டாளிகள் என்று மூன்று தலைகளும் உள்ளே போய்விட்டன.

"மூடட்டுமாய்யா?" என்றார் ஏட்டு.

"இருங்க ஏட்டையா, இருங்க. எவனோ புண்ணியவான் ஒவ்வொரு நட்டையும் கழட்டி மாட்டியிருக்கான்."

நான் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "மாமா, ராகு காலம்!"

"ஒரு நிமிசம் பாப்பா."

மாப்பிள்ளையின் அப்பா ஜரிகை வேட்டியில் இறங்கி நின்று, "நம்ம வண்டிதான். வாங்கி மூணு வருசம் ஆச்சு" என்றார். உடனே பஞ்சர்க்காரர் தலையை வெளியே எடுத்து, "அட, இது அந்த ஏற்காட்டு எஸ்டேட்டுக்காரரு வண்டி..." என்று ஆரம்பித்தார். மாமா அவர் காலை ஓங்கி மிதித்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நேரம் போகிறது, இவர்கள் கால் மிதித்து விளையாடுகிறார்கள்!

மாமா விடவில்லை. ரேடியேட்டருக்குப் பக்கத்தில் பற்றவைத்திருந்த ஒரு தழும்பை விரலால் தடவிக்கொண்டே, "இது எப்ப அடிபட்டதுங்க?" என்று பெரியவரைக் கேட்டார். பெரியவர், "அது... வாங்கும்போதே இருந்துச்சு" என்றார். மாமா தலையாட்டினார், அப்புறம் சக்கரத்தைச் சுற்றி வந்தார். அந்தச் சக்கரத்தைப் பிடுங்கி அவர் தலையிலேயே போடலாமா என்று இருந்தது எனக்கு.

அப்போது மாப்பிள்ளை இறங்கி வந்து, மாமாவைக் காருக்குப் பின்னால் கூப்பிட்டார். நான் மாமாவின் சட்டையை விடாமல் கூடவே போனேன்.

"ராத்திரிக்குள்ள இதைக் கொண்டுபோய் ஓனரு ஷெட்டுல விடணுங்கண்ணா. அப்பா சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க. நான் மில்லுல நூல் பிரிவுல இருக்கேன், சைக்கிள்லதான் போறேன். நீங்க வீட்டுல சொல்லிடுங்க. அப்புறமும் புடிச்சிருந்தா வர்றோம். இல்லேன்னா இப்பிடியே திருப்பிக்கிறோம்."

எனக்கு அதில் உறைத்தது ஒன்றுதான்: ராத்திரிக்குள் போக வேண்டுமாம், இன்னும் வந்தே சேரவில்லையே! "மாமா, வாங்க!" என்று அழவே ஆரம்பித்துவிட்டேன்.

மாமா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். காரைக்கூட அவர் அவ்வளவு நேரம் அசையாமல் பார்த்து நான் கண்டதில்லை. அப்புறம் தானே போய் பானட்டை மூடி, "ஏறுங்க மாப்ளே, நேரமாவுது" என்றார், என்னமோ தாமதம் பண்ணினதே அவர்கள் மாதிரி.

நாலு இருபதுக்கு, எங்கள் சைக்கிள் முன்னால், கார் பின்னால் என்று வாசலில் வந்து இறங்கினோம். அம்மா ஆரத்தித் தட்டோடு நின்ற இடத்திலிருந்தே தம்பியைக் கண்ணால் எரித்தாள். அக்கா காபி கொடுத்தாள், அவர்கள் பஜ்ஜி சாப்பிட்டார்கள், ஊரே காரைச் சுற்றி நின்றது. அவர்கள் போனதும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டா, அத்தனை நேரம் காரையே பாத்தியே, மாப்பிள்ளையைப் பாத்தியாடா?"

"பாத்தேங்க்கா. கண்ணை மூடிக்கிட்டுக் குடு."

"காரு வெச்சிருக்கிற இடம்னு சொல்றியா?"

"அதுக்கில்லக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

தையில் கல்யாணம் நடந்தது. மறுவீட்டுக்கு அக்காவும் அத்தானும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அம்மா முகம் தொங்கிவிட்டது. "கார் எங்கே?" என்று அவள் வாயெடுப்பதற்குள் மாமா முந்திக்கொண்டு, "ரிப்பேருக்கு விட்டிருக்காங்கக்கா. பழைய வண்டி, சாமான் சீமையிலேர்ந்து வரணும்" என்றார். தீபாவளிக்கும் பஸ்தான், அப்போதும் ரிப்பேர்தான். அக்கா உண்டாகி வந்தபோதும் பஸ். அக்கா என்னவோ கொஞ்சம்கூடக் கவலைப்படாமல் சிரித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

அதற்குள், அக்கா போன பிறகு வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டில் இருந்தவளுக்குக் கவலைப்பட நேரம் நிறையக் கிடைத்தது. ரிப்பேர்க் கடைக்காரன் விளக்கைக் கழற்றி விற்றுவிட்டால்? சக்கரத்தைக் கரையான் அரித்தால்? ஒரு நாள் அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்: "அத்தான், நீங்க ஒரு தடவை நேர்ல போயி அந்தக் கடைக்காரனை நாலு கேள்வி கேக்கக் கூடாதா?"

அத்தானுக்குப் புரையேறிவிட்டது. மாமா அவர் தலையில் தட்டிக்கொண்டே சிரித்தார். அத்தானும் கண்ணில் தண்ணீர் வர வர மாமாவைப் பார்த்துச் சிரித்தார். இத்தனை பெரிய காரை எவனிடமோ கொடுத்துவிட்டு இப்படிச் சிரிக்கிற ஆண்களை நம்பி அக்கா எப்படித்தான் குடித்தனம் பண்ணப்போகிறாளோ என்று எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.