ராஜையன் மிதித்த பிரேக்

குவைத்தில் வேலை முடித்து ஊருக்கு வந்த ராஜையன், தன் பழைய காரின் பின்சக்கரங்களில் இருந்த டிரம் பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டினார். மிதித்தால் வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது. டிரம்மோடு, நிறுத்திய வண்டியைப் பிடித்துவைக்கும் ஹேண்ட்பிரேக்கும் போய்விட்டது என்று மெக்கானிக் தயங்கியபோது, "இம்மாதிரி பிரேக்கு இருக்கையில அது எதுக்கு மக்கா?" என்று அவன் வாயை அடைத்தார்.

அக்காள் மகள் பிரீனாவின் கல்யாணத்தன்று, தேவாலயத்துக்கு முன்னே ஏற்றத்தில்தான் இடம் கிடைத்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் கார் பின்னோக்கி உருண்டது.

"கியர்ல போட்டா மட்டும் இந்த ஏத்தத்துல நிக்காது, டயருக்க அடியில ஒரு கல்ல வச்சிட்டு வாருங்க," என்றாள் மனைவி நேசபாய்.

"ஏட்டி, டிஸ்க் போட்ட வண்டிக்குக் கல்லா? நாலுபேரு பாத்தா சிரிக்க மாட்டானுவளா?"

"அப்போ இருங்க," என்று இறங்கிய நேசபாய், காரின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

ராஜையன் மிதித்தபடியே இருந்தார். ஒலிபெருக்கியில் ஆராதனை கேட்டார். சாட்சிக் கையெழுத்துக்காகச் சபைச் செயலர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு காருக்கே வந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் ஜன்னலில் தலை குனிந்து ஆசீர்வாதம் வாங்கினார்கள்.

"ஒரு இஞ்சு நகந்திச்சா, பாருங்கடே!" என்றார் ராஜையன், மரத்துப்போன காலோடு.

கல்யாண ஆல்பத்தில் அப்போது எடுத்த படம் ஒன்று இருக்கிறது. காரைச் சுற்றி நின்று எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நேசபாய் மட்டும் கீழே பார்த்துச் சிரிக்கிறாள். அங்கே, பின்சக்கரத்துக்கு அடியில், தேங்காய் அளவில் ஒரு கருங்கல்.