டாக்டரம்மா வீட்டுக்காரரின் பறக்கும் பெண்

ஊர்ப்பட்ட வேலை கிடக்கிறது, உனக்கு அந்த வெள்ளைக்காரர் கதைதான் கேட்கிறதாக்கும்? அவர் உனக்கு மாமனா, மச்சானா? பாடத்தில் சந்தேகம் கேள் என்றால் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. சரி, உட்கார். அந்தப் போனைக் கீழே வை. நான் பேசும்போது அதைத் தடவிக்கொண்டிருந்தால் கதை பாதியில் நின்றுவிடும்.

எண்பதுகளில் உன் தாத்தா துபாய்ப் பக்கம் அல் ஐன் என்கிற ஊரில் ஆஸ்பத்திரி வண்டி ஓட்டினார். நான் அங்கே ஓர் அமெரிக்க டாக்டரம்மா வீட்டில் சமையலும் துணிமணியும் பார்த்தேன். அந்தம்மா காலையில் டூட்டிக்குப் போய்விடும். வீட்டுக்காரர் வீட்டிலேயே இருப்பார். அவருக்கு விசாவே பெண்டாட்டி பேரில்தான். ஓர் ஆம்பளைக்கு இதைவிடக் கேவலம் கிடையாது என்று எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்கள் முடிவு கட்டியிருந்தார்கள். அவருக்கு அது உறைத்ததே இல்லை. பெரிய அட்டைமேல் குனிந்து நாள் முழுக்கப் படம் வரைவார். அமெரிக்கப் பிள்ளைகள் வாங்கிப் படிக்கும் படக்கதைப் புத்தகத்துக்கு. வரைந்ததைக் கூரியரில் நியூயார்க்குக்கு அனுப்புவார்.

எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. அவருக்குத் தெரிந்த தமிழ், நான் சொல்லிக் கொடுத்த ‘அக்கா’ மட்டும். மீதியைக் கை பேசிக்கொண்டது. சின்ன வயதில் காலில் ஏதோ வியாதி வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தாராம். அப்போது சுவரெல்லாம் கிறுக்கிக் கற்றுக்கொண்டது. வளர்ந்து நியூயார்க்கில் படக்கதைக் கம்பெனியில் சேர்ந்தால், ஆட்களை வரைய விடவில்லை. சண்டை போடுகிறவர்களை மற்றவர்கள் வரைவார்கள், பின்னால் தெரிகிற கட்டிடத்து ஜன்னல்களை இவர் வரைய வேண்டும். பத்து வருஷம் ஜன்னல்தான்.

“அத்தன ஜன்னல் போட்டீங்களே சார், ஒண்ணுலயாவது யாராச்சும் எட்டிப் பாத்தாங்களா?” என்று கிண்டலாகக் கேட்டேன். புரியவைப்பதற்குள் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. புரிந்ததும் எழுந்து போய் ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஜன்னலுக்கு ஜன்னல் ஏதோ ஒன்று இருந்தது. காயப்போட்ட பனியன், தூங்கும் பூனை, பிள்ளைக்கு ஊட்டும் அம்மா. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் போட்டிருக்கிறார்.

கடைசியில் அவருக்கென்று ஒரு கதாநாயகி கிடைத்தாள். பறந்து வந்து கெட்டவர்களை உதைப்பவள். அச்சான புத்தகம் தபாலில் வந்தது. அந்த ஊரில் வெளியிலிருந்து வரும் பத்திரிகைகளில் துணி குறைந்த பெண்கள் இருந்தால் அதிகாரிகள் மை அடித்துத்தான் அனுப்புவார்கள். அவளுக்கும் கை, கால், வயிறு எல்லாம் கறுப்பு. கரி மூட்டைக்கு மேலே தலை மட்டும் பறந்தது. இத்தனை வருஷம் காத்திருந்து வரைந்தவளை அவரால் பார்க்கக்கூட முடியவில்லை. அமெரிக்காவிலும் புத்தகம் சரியாக விற்கவில்லை. அடுத்ததும் விற்காவிட்டால் அவளை நிறுத்திவிடுவோம், நீ மறுபடி ஜன்னலுக்கே போ என்று ஆபீசில் சொல்லிவிட்டார்களாம். டாக்டரம்மாதான் சொன்னது. அவர் பிரஷைத் தொடாமல் மாடியில் உலாத்திக்கொண்டிருந்தார்.

அங்கேதான் என் நீலப் பூனம் சேலை காய்ந்தது. அனல் காற்றில் ஒரு முனை கிளிப்பிலிருந்து பிய்த்துக்கொண்டு மேலே எழும்பியது. பிடிக்க ஓடினேன். “அக்கா, நோ” என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து தினமும் அதை நனைத்துக் கொடியில் போடுவது எனக்கு ஒரு வேலை. மண்டை பிளக்கும் வெயிலில் தொப்பியோடு உட்கார்ந்து, காற்று எங்கே உப்புகிறது, மடிப்பு எங்கே உடைகிறது என்று வரைந்து வரைந்து கிழிப்பார்.

“சேலைக்குள்ள ஆளு இல்லீங்க சார்,” என்றேன்.

பென்சிலால் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். அவள் அங்கே இருக்கிறாளாம்.

எதிர் மாடியிலிருந்து எல்லாப் பெண்களும் பார்த்தார்கள். பேச்சு உன் தாத்தா காதுக்கும் போனது. அவர் கேட்டது ஒன்றுதான்: “ஒரே சேலைய எத்தன தடவடி தொவைப்ப?”

புதுப் படத்தில் அவள் கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடியிருந்தாள். ஆனால் பின்னால் என் சேலை மாதிரியே ஒரு துணி வானத்தை அடைத்துக்கொண்டு பறந்தது. போர்த்தியவளை எவன் வாங்குவான் என்று நியூயார்க்கிலிருந்து போனில் கத்தினார்கள். குரலே உயர்த்தாத மனுஷன், விற்காவிட்டால் சாகும்வரை ஜன்னல் போடுகிறேன், இவள் இப்படித்தான் போவாள் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

புத்தகம் வந்தது. பார்சல் கயிற்றைப் பல்லாலேயே கடித்து அறுத்தார். அவள்மேல் ஒரு பொட்டு மை இல்லை. அதிகாரி மட்டும் கை சும்மா இருக்கக் கூடாதென்று, அரை டிராயர் போட்ட வில்லனுக்குக் கறுப்பில் பேண்ட் மாட்டியிருந்தார். சார் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நாளில் நியூயார்க்கிலிருந்து மறுபடி போன். புத்தகம் விற்றுத் தீர்ந்துவிட்டது, தொடர்ந்து வரை என்று. சார் நாற்காலியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நான் சேலையை நனைக்க ஓடினேன்.

அன்று சாயங்காலம் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “உண்மையச் சொல்லுக்கா, உன் சேலையப் பாத்துக்கிட்டே கெடக்காரே, அந்தாளு என்னதான் வேல பாக்குறாரு?”

“டெய்லரு,” என்றேன்.

மறுநாளே கடைசி வீட்டுக்காரி ஜாக்கெட் துணியும் அளவு ஜாக்கெட்டுமாக வந்து நின்றாள். “இவரு பறக்கிறவங்களுக்கு மட்டுந்தான் தைப்பாரு. நீ மொதல்ல மாடியிலேருந்து ஒரு தடவ பறந்து காட்டு,” என்று சொல்லி அனுப்பினேன்.