சம்மட்டி எடுத்த அம்மா

ஏற்காடு அடிவாரத்தில் இருந்த என் கார் ஒர்க்ஷாப்புக்கு அந்தம்மா ஒரே ஒரு முறைதான் வந்தார். மெலிந்த உடம்பு, நெற்றியில் புதுத் தையல். பேசும்போதெல்லாம் அதை விரலால் தடவிக்கொண்டார்.

அவர் கணவர், தன் ஸ்போர்ட்ஸ் காரின் வேகத்தைக் கூட்ட, முன்பே என்னிடம் புது ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மாட்டியிருந்தார். அன்று அதே கார் மறுபடி என் ஒர்க்ஷாப்பில் பானெட் திறந்தபடி நின்றது.

"அந்த வேகத்துலதானுங்க ஏற்காடு வளைவுல மோதுனாரு. என் மடியில இருந்த கொழந்தைக்குக் கை ஒடஞ்சுபோச்சு. இப்ப இன்னும் வேகம் வேணுமாம். ஒதுங்கிக்குங்க" என்றவர், கீழே கிடந்த சம்மட்டியைத் தூக்கி எஞ்சின்மேல் இறக்கினார். மூடி பிளந்து ஆயில் வழிந்தது.

வாசலில் போன் பேசிக்கொண்டிருந்து, சத்தம் கேட்டு ஓடி வந்த கணவர் அவர் கன்னத்தில் அறைந்தார். தையல் பிரிந்து ரத்தம் இறங்கியது. அந்தம்மா சம்மட்டியைக் கணவரின் தலைக்கு நேராக ஓங்கி, "பஸ்சுல போலாம், வாங்க" என்றார்.

கணவர் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். அந்த நிலையிலும் அந்தம்மாவால் 'வாங்க' என்று எப்படிச் சொல்ல முடிந்தது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.