சாமியம்மாள் தேய்த்த பவழம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் பூஜைப் பாத்திரம் துலக்க வேண்டுமென்றால் சாமியம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். கார்த்திகையோ பொங்கலோ வந்துவிட்டால் பல குவார்ட்டர்ஸின் குத்துவிளக்கும் செம்புக் குடமும் அவர் கைக்குப் போய்விடும். புளியும் கல்லுப்பும் போதும் அவருக்கு. கடையில் விற்கும் பவுடரை அம்மா ஒருமுறை நீட்டியபோது, "இத நீங்களே வச்சிக்குங்க, மூஞ்சிக்குப் பூசலாம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அவர் கணவர் மருதமுத்துவுக்குச் சுரங்கத்தில், நிலக்கரி போகும் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. பெர்மனென்ட் ஆகும் என்று வருஷக்கணக்கில் காத்திருந்தவர். ஒரே மகள் எழில்மதி, பள்ளியில் எனக்கு இளையவள். பிளஸ் டூ முடித்து நர்ஸிங் படிக்க இடம் வாங்கி, கல்லூரி திறப்பதற்காகக் காத்திருந்தாள்.

சேத்தியாத்தோப்பு ஜோசியர் ஒருவர் மருதமுத்துவின் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, மேஷ ராசிக்குப் பவழம், செம்பில் கட்டிப் போட்டால் வேலை நிலைக்கும் என்றார். பஜாரில் ராசிக்கல் விற்கும் அப்துல் கபார், வெள்ளைத் துணியில் பவழங்களைப் பரப்பி, புள்ளியும் குழியும் இல்லாத ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தார். கல் விரலில் படும்படி அடிப்பக்கம் திறந்து கட்டினார். பவழம் கடலில் விளைவது, மற்ற கற்களைப் போல் கெட்டி கிடையாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும், சோப்பும் புளிப்பும் ஆகாது என்றும் சொல்லி அனுப்பினார். மருதமுத்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டில் அதைச் சொல்லவில்லை. துலக்குகிற வேலை யார் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை.

பெல்ட் ஓடும் இடத்துக்கு மோதிரம் போட்டுக்கொண்டு போகக் கூடாது. அதனால் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது சாமி படத்துக்கு முன்னால் கழற்றி வைப்பார். வந்து கைகால் கழுவியதும் முதல் வேலையாக எடுத்துப் போட்டுக்கொள்வார்.

போன வருஷம் ஆனியில், பெர்மனென்ட் பட்டியல் தயாராகிறது என்ற பேச்சு வந்தது. சான்றிதழ்களோடு ஆபீஸுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கறுத்துக் கிடந்த மோதிரத்தோடு அவர் போய் நிற்பது சாமியம்மாளுக்குப் பிடிக்கவில்லை. அவர் ஷிஃப்டில் இருந்த ஒரு காலையில், ஊரார் செம்புகளோடு அதையும் புளிக்கரைசலில் போட்டார். குழாயில் தண்ணீர் வர, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்து எடுத்தபோது செம்பு பளபளத்தது. பவழம் மட்டும் மேல்தோல் உரிந்ததுபோல் வெளுத்துச் சொரசொரத்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தார். சிவந்தது. இரண்டொரு நாளில் எண்ணெய் காய்ந்து மறுபடி வெளுத்தது.

மருதமுத்து அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அவருடைய அப்பாவும் அண்ணனும் ஐம்பதைத் தொடாமல் நெஞ்சுவலியில் போனவர்கள். அவருக்கும் அந்த வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஜோசியருக்குப் போன் போட்டார். கல் வெளுத்தால் போட்டிருப்பவருக்குக் கண்டம், வருஷம் தாண்டினால் பிழைத்தாய் என்று பதில் வந்தது.

அன்றே சாமியம்மாள் சொல்லியிருக்கலாம். சொன்னால், நாளைக்குப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஆயுசுக்கும் அது தன் தலையில்தான் விழும் என்று பயந்தார். பட்டியல் வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். பட்டியல் வரவில்லை. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தான் இருக்கும்போதே மகளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் மருதமுத்துவின் மனதில் இருந்தது. மாப்பிள்ளை நெடுமாறன் முந்திரி லோடு லாரி ஓட்டுபவர். கெட்ட பழக்கம் இல்லை என்றார்கள். ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். கல்லூரியும் ஆவணியில்தான் திறக்க இருந்தது.

பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போகும் காலையில்தான் சாமியம்மாள் வாயைத் திறந்தார்.

"நாந்தாங்க அத புளியில ஊற வச்சேன். அதான் வெளுத்துப்போச்சி. கண்டமும் இல்ல ஒண்ணும் இல்ல. கல்யாணத்த நிறுத்துங்க, புள்ள படிக்கட்டும்."

மருதமுத்து கோபப்படவில்லை. அவர் தோளைத் தொட்டு, "என்னத் தேத்தறதுக்குச் சொல்ற. எனக்குத் தெரியாதா உன்ன" என்றார்.

"சத்தியமாங்க."

"சத்தியம் பண்ணாத. கல்யாணம் நடக்கப்போற வூடு."

சாமியம்மாள் மோதிரத்தை எடுத்துக்கொண்டு கபார் கடைக்கு ஓடினார். பாய் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது புளி தின்ன கல்லு. குடுக்கும்போதே உங்க வூட்டுக்காரருகிட்ட சொன்னனே" என்றார். அங்கிருந்தே மருதமுத்துவுக்குப் போன் செய்து விவரமாகச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்தது ஒரே கேள்வி. "அவ அழுதுகினு வந்து சொல்லச் சொன்னாளா பாய்?" அதன் பிறகு கபார் எதைச் சொன்னாலும் அது கேட்டுக்கொண்டு வந்த பொய்யாகவே போய்விட்டது.

சாமியம்மாள் எழில்மதியிடமும் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எப்போது நடந்தது என்று கேட்டாள். ஆனியில் என்றதும் அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

இவையெல்லாம் சாமியம்மாள் எங்கள் பின்கட்டில் உட்கார்ந்து, கையில் பாத்திரத்தோடு, அம்மாவிடமும் என்னிடமும் சொன்னவைதான். கல்யாணத்துக்கு நாங்கள் போயிருந்தோம். மருதமுத்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

வருஷம் தாண்டிவிட்டது. மருதமுத்து நன்றாக இருக்கிறார். இன்னும் கான்ட்ராக்டில்தான். வெளுத்த மோதிரத்தை இப்போதும் போடுகிறார். மகளைக் கட்டிக்கொடுத்த புண்ணியம்தான் கண்டத்தைத் தட்டிவிட்டது என்று டீக்கடையில் பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார். சாமியம்மாள் அதை மறுப்பதில்லை. மறுத்துப் பார்த்தாயிற்று.

இந்த ஆனியில் அவர் தனியாக முத்தாண்டிக்குப்பம் போனார். எழில்மதியை இனிமேலாவது படிக்க அனுப்பும்படி சம்பந்தி கமலாவிடம் கேட்டார். தாம்பூலத்தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அந்த அம்மாள் சிரித்திருக்கிறார்.

"ஏன் சம்பந்தி, அவசரம் அவசரமா கட்டிக்குடுத்தது நாங்களா நீங்களா? அப்ப தெரியலியா புள்ளைக்குப் படிப்பு ஏறும்னு?"

சாமியம்மாள் எழுந்து கிளம்பினார். எழில்மதி பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள். பண்ருட்டிப் பக்கமிருந்து பஸ் வருவது தெரிந்ததும், "இனிமே இதுக்குன்னு வராதம்மா. நீ போனதும் எனக்குத்தான் ஏச்சு" என்றாள்.

பஸ்ஸில் இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை என்றார் சாமியம்மாள். நெய்வேலி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாராம்.